திருவிழாக் கமிட்டியாருக்கு, அணியறை கேட்டு ஒரு மடல்

குமரி மாவட்டத்துக் கோயில் திருவிழாக் கமிட்டிகளில் பொறுப்பேற்றிருக்கும் அண்ணன்மாருக்கும் மாமன்மாருக்கும், சில ஊர்களில் இப்போது பொறுப்புக்கு வந்திருக்கிற அக்கா தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

தை முதல் சித்திரை வரையிலான திருவிழாக்களுக்காக நீங்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் இது. எந்த நாள் கானமேளா, எந்த நாள் வில்லிசை, எந்த நாள் பாலே, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

நான் விளவங்கோடு பக்கத்துக்காரி. 1988இல் 14 வயதில் ஒரு பாலே குழுவில் சேர்ந்தேன். 2015இல் இரண்டு முட்டும் தேய்ந்துபோய் நிறுத்தினேன். அந்த 27 வருஷத்தில் கொல்லங்கோட்டிலிருந்து தோவாளை வரைக்கும் நான் கால் வைக்காத கோயில் மைதானம் குறைவு. தோழியாக ஆடியிருக்கிறேன், பூதகணமாக ஆடியிருக்கிறேன், மோகினியாக ஆடியிருக்கிறேன், ஒன்பது வருஷம் சீதையாக நின்றிருக்கிறேன். இப்போது வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு, குழுக்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிறேன். ஆகவே மேடையில் நடப்பதும் தெரியும், கர்ட்டனுக்குப் பின்னால் நடப்பதும் தெரியும். இந்த மடல் கர்ட்டனுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றியது; வேடம் கட்டவும் உடுப்பு மாற்றவும் எங்களுக்கு ஓர் அறை, அதாவது அணியறை, கேட்டு எழுதுவது.

வெளி மாவட்டத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பாலே என்றதும் உங்களுக்கு வெள்ளைப் பாவாடை கட்டிப் பெருவிரல் நுனியில் நிற்கும் பெண்கள் நினைவுக்கு வரலாம். எங்கள் ஊரில் பாலே என்றால் கோயில் மைதானத்தில் ராத்திரி நடக்கும் நாட்டிய நாடகம். தட்ச யாகம், தாரிகன் வதம், ராமாயணம் என்று ஏதாவது ஒரு கதை. பாட்டும் வசனமும் ரிக்கார்டில் ஓடும். நாங்கள் அதற்கு வாயசைத்து ஆடுவோம். பின்னால் காடும் அரண்மனையும் கைலாசமும் வரைந்த கர்ட்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ரிக்கார்டு பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். அதற்காக யாரும் எழுந்து போனதில்லை. பாயும் போர்வையுமாக வந்து மணலில் படுத்துக்கிடக்கும் பிள்ளைகள், பத்ரகாளி தீப்பந்தத்தோடு வரும் நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்வார்கள். கிழவிமார் கைகூப்பி எழுந்து நிற்பார்கள். அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை விட்டுப் போக மனசு வராது. எனக்கு வரவில்லை.

பாலே என்ற பெயர் எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று எங்கள் ஆசான் ஒத்திகை இடைவேளையில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே சொல்லுவார். அன்னா பாவ்லோவா என்கிற ரஷ்ய பாலே ஆட்டக்காரி உலகம் முழுக்கப் பெயரெடுத்தவர். 1923இல் லண்டனில் அவர் ராதையாக ஆடினார். கிருஷ்ணனாக ஆடியவர் உதயசங்கர், அங்கே ஓவியம் படிக்கப் போயிருந்த வங்காளி இளைஞர். பிற்பாடு அவர் சொந்தமாகக் குழு வைத்து நாடு நாடாக ஆடினார், இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பள்ளியும் நடத்தினார். நம் கதைகளை ஆட்டமாக்கி மேடையில் சொல்வதற்கு பாலே என்ற பெயர் இந்த நாட்டில் ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். அதே பாவ்லோவாவின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்தவர் ருக்மிணி தேவி. 1936இல் அடையாற்றில் கலாசேத்திராவைத் தொடங்கியவர். கேரளத்துப் பக்கம் குட்டநாட்டுச் சம்பக்குளத்தில் பிறந்த குரு கோபிநாத், கதகளியில் ஊறியவர். ராத்திரி முழுக்க நீளும் ஆட்டத்தை, கனத்த உடுப்பைக் குறைத்து, சாதாரண சனங்கள் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்குச் சுருக்கி மேடையேற்றினார். திருவிதாங்கூர் அரண்மனையின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் பள்ளி வைத்தார். நாட்டியப் பேரொளி பத்மினியும் அவர் அக்கா லலிதாவும் சிறு வயதில் அவரிடம் படித்தவர்கள்தான். அப்போது நாகர்கோவிலும் கல்குளமும் திருவிதாங்கூருக்குள் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும், கோயில் திருவிழாவுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருவது நிற்கவில்லை. எங்களைப் போல இங்கேயே முளைத்த குழுக்களும் அவர்களைப் பார்த்துப் படித்தவைதாம்.

எங்கள் ஆசான், குரு கோபிநாத்தின் மாணவர் ஒருவரிடம் படித்தவர். 1987 அக்டோபரில் எர்ணாகுளத்தில் தசரதன் வேடத்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே குரு கோபிநாத் உயிர் பிரிந்தது. அந்தச் சேதி வந்த நாளைச் சொல்லும்போதெல்லாம் ஆசானுக்குக் குரல் கம்மும். நான் குழுவில் சேர்ந்தது அடுத்த வருஷம்.

இப்போது உங்கள் நோட்டீசுக்கு வருகிறேன். 'இரவு 9.30 மணிக்கு மாபெரும் பாலே' என்று ஒரு வரி போடுவீர்கள். கீழே குழுவின் பெயர், அதற்குக் கீழே கதையின் பெயர். அந்த ஒரு வரிக்குள் எங்கள் குழுவில் 22 பேர் இருந்தோம். ஆடுகிறவர்கள் 15 பேர், மேக்கப் மாமா, லைட்டுக்கு இரண்டு பேர், கர்ட்டன் கட்ட இரண்டு பேர், ரிக்கார்டு போடுகிறவர், வண்டி ஓட்டுகிறவர். ராவணன் அண்ணன் பகலில் கொத்தனார் வேலைக்குப் போவார். தேவி வேடம் கட்டிய அக்காவுக்கு அண்டி ஆபீசில், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை. தோல் உடைத்த பால் பட்டுப் பொத்துப்போன விரலில்தான் முத்திரை பிடிப்பாள். அரிதாரம் போட்டால் பொத்தல் தெரியாது என்று சொல்லிக் கையை மட்டும் இரண்டு பூச்சு அதிகம் பூசிக்கொள்வாள். லைட் போடும் தம்பி ரப்பர் பால் வெட்டுகிறவன். ஆட்டம் முடிந்து செட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போது மணி இரண்டரை ஆகும். எங்களை வீட்டில் இறக்கிவிட்டு அவன் நேரே தோட்டத்துக்குப் போவான். நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு, விடியுமுன் வெட்டி முடிக்க வேண்டும். தூங்கினானா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒத்திகை ஆடி மாதம். மழையில் பால்வெட்டு நின்றிருக்கும், கட்டட வேலையும் மந்தமாக இருக்கும். ஆட்களை ஒன்றுசேர்க்க அதுதான் தோது. பூட்டிக்கிடந்த ஒரு அண்டி ஆபீசின் ஷெட்டை ஆசான் கேட்டு வாங்கியிருந்தார். கதவே இல்லாத ஷெட். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டே வாசலில் நின்று பார்க்கும். பத்து நாள் போனால் அவர்களில் இரண்டு பேர் எங்களோடு சேர்ந்து அடி வைக்கத் தொடங்கியிருப்பார்கள். நான் சேர்ந்ததும் அப்படித்தான். அமெரிக்காவில் ஆர்தர் மிட்செல் என்கிற கறுப்பின பாலே கலைஞர், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு வருஷம், 1969இல், நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பாலே குழு தொடங்கினார். தொடக்கத்தில் ஒரு கார் ஷெட்டில்தான் சொல்லிக்கொடுத்தார், வெக்கைக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகப் பார்த்துப் பார்த்தே தெருப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள் என்று என் மகள் படித்துச் சொன்னபோது எனக்கு அண்டி ஆபீஸ் ஷெட்டின் மணம் வந்தது.

சரி, அணியறைக்கு வருகிறேன்.

சிறு பிள்ளையாக இருக்கும்போது அப்பா என்னைத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவுக்குக் கதகளி பார்க்கக் கூட்டிப்போவார். ஆட்டம் தொடங்க நேரம் இருந்தால் வேடம் கட்டுகிற இடத்தை எட்டிப் பார்க்க விடுவார்கள். அங்கே ஒரு விளக்கு எரியும். ஆட்டக்காரர்கள் பாயில் மல்லாந்து படுத்திருப்பார்கள். அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து முகத்தைச் சுற்றிச் சுட்டி வைத்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும். சத்தம் போட்டால் அப்பா தலையில் குட்டுவார். 'அணியறைல பேசப்பிடாது மக்ளே' என்பார். முடி என்கிற கிரீடம் தலையில் ஏறுமுன் ஆட்டக்காரர் அந்த விளக்கைத் தொட்டுக் கும்பிடுவார். கேரளத்துப் பெரிய கோயில்களில் உள்ள கூத்தம்பலங்களை, கூத்து ஆடும் அரங்கங்களை, பார்த்தவர்களுக்குத் தெரியும், மேடைக்குப் பின்னால் வேடம் கட்டும் அறை கட்டடத்தோடு சேர்ந்தே இருக்கும். ஆடுகிறவனுக்கு ஒரு மறைவிடம் வேண்டும் என்று மேடை கட்டும்போதே நினைத்தவர்கள் நம் மூத்தவர்கள்.

எங்களுக்கு நீங்கள் தருவது என்ன? மேடைக்குப் பின்னால் நாலு கம்பு, நாலு துணி.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். 2011 மாசி. மேடைக்குப் பின்னால் பந்தல்காரரின் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் தென்னந்தோப்பு. உள்ளே ஒரு பெரிய பல்பு. பத்ரகாளி கதை என்றால் பெண்களுக்கு ஐந்து தடவை உடுப்பு மாற்ற வேண்டியிருக்கும்; ஒரு மாற்றத்துக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது. மூன்றாவது மாற்றத்தின்போது வெளியே விசில் சத்தம் கேட்டது. உள்ளே பல்பு எரிந்தால் வெள்ளைத் துணியில் எங்கள் நிழல் விழும் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தோப்புப் பக்கம் நின்றிருந்த பையன்கள் கையில் போன் இருந்தது. பல்பை அணைத்தோம். மிச்ச மாற்றம் எல்லாம் இருட்டில். எங்களில் ஆக இளையவள், 17 வயது, இருட்டில் சிரட்டைத் துண்டை மிதித்துவிட்டாள். குதிகாலில் ஆழமாகக் கிழித்தது. கிழிந்த பாவாடைத் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே சலங்கையைக் கட்டிக்கொண்டு கடைசிக் காட்சி ஆடினாள். அது தேவியின் தோழிமார் பூச்சொரியும் காட்சி. சிரித்துக்கொண்டு ஆட வேண்டும். சிரித்துக்கொண்டுதான் ஆடினாள்.

காலில் பட்ட காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்த ராத்திரி எடுத்த படம் இரண்டு நாளில் அவள் அண்ணன் போனுக்கே வந்தது. அதற்குப் பிறகு அவள் ஆட வரவில்லை. அவளைப் போல அடவு சுத்தமாக வைக்கிற பிள்ளையை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை. இப்போது எங்கோ துணிக்கடையில் நிற்கிறாள்.

வருத்தம் மட்டுமே சொல்ல எழுதவில்லை. குலசேகரம் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில் கொடை. அங்கேயும் துணிதான் கட்டியிருந்தார்கள். நாங்கள் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது, கோயிலுக்கு எதிர்வீட்டு அம்மச்சி வாசலில் வந்து நின்றார். 'இஞ்ச வாருங்க மக்ளே. வெளிய நின்னு உடுப்பு மாத்தாண்டாம். வீடு கெடக்கு' என்றார். தன் மருமகளின் அறையை ஒழித்துக் கொடுத்தார். உள்ளே கொண்டி போடும் கதவு, ஆளுயரக் கண்ணாடி. சுவரில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்தார். நாங்கள் கேட்கவில்லை, அவராகத்தான் வைத்தார். ஆட்டம் முடிந்து திரும்பும்போது பெரிய போணியில் வெந்நீரும் கல்லுப்பும் தயாராக இருந்தன. 'காலை இதுல முக்கி வையி பிள்ளே' என்று ஒவ்வொருத்தியாக உட்காரவைத்தார். கஞ்சியும் பயறும் தந்தார். அன்று பத்ரகாளி வேடம் கட்டியவள் ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. அது அம்மச்சிக்குத் தெரியும். முகத்தில் அரிதாரத்தோடு இருந்த அவள் காலைத் தொட்டு அம்மச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் பதறிப்போய்த் திரும்ப அவர் காலில் விழுந்தாள். அந்த ஊரில் நாங்கள் ஆடியதைப் போல வேறெங்கும் ஆடவில்லை என்று ராவணன் அண்ணன் வண்டியில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் கேட்பது அந்த அறையைத்தான். சுவர், கூரை, உள்ளே தாழிடும் கதவு, தண்ணீர், பக்கத்தில் ஒரு கழிப்பறை. இதற்கு உங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை. சமய வகுப்பு நடக்கிற அறை இருக்கிறது, ஊர் மண்டபம் இருக்கிறது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஒரு வகுப்பறை கிடைக்கும், எதுவும் இல்லையென்றால் ஒரு வீடு கிடைக்காத ஊர் நம் மாவட்டத்தில் கிடையாது. மேடையை எங்கே போடுவது என்று பந்தல்காரரோடு பேசும்போதே அணியறை எங்கே என்றும் பேசிவிடுங்கள். அறை தூரமாக இருந்தால் இரண்டு நிமிஷத்தில் உடுப்பு மாற்ற முடியாது. மேடைக்குப் பின்னால் மறைப்பும் வேண்டும்தான். அதைத் தகர ஷீட்டாலோ கட்டியான கறுப்புத் துணியாலோ கட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஆண்பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ள ஊரில் மூத்த பெண்கள் இரண்டு பேரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். திருவிளக்கு பூஜைக்கு அத்தனை பெண்களை வரிசையாக உட்காரவைத்து ஒரு குறையில்லாமல் நடத்துகிற கமிட்டிக்கு இது கஷ்டமான காரியமே இல்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. தனி அனுமதி கிடைக்கும் சில நாட்களில் மட்டும் 12 மணி வரை. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், போலீஸ் நிலையத்துக்கு நடக்கிறவர்கள் நீங்கள்தானே. பிள்ளைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டும், விதியில் எனக்குக் குறையில்லை. ஆனால் எட்டு மணிக்கு என்று சொல்லி எங்களை மேக்கப் போடவைத்துவிட்டு, பரிசளிப்பு, பொன்னாடை, வாழ்த்துரை என்று பத்தேகால் வரைக்கும் போகிறது. ரிக்கார்டு ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 'சீக்கிரம் முடியுங்க' என்று ஆள் வருகிறது. இரண்டரை மணி நேரக் கதையில் எதை வெட்டுவது? வெட்டுவது எப்போதும் தோழிமார் ஆட்டத்தைத்தான், பின்வரிசைப் பிள்ளைகள் ஆடுவதைத்தான். ஆடி மாதம் முழுக்க மழையில் நனைந்து வந்து பழகியது அந்தக் காட்சி. வாழ்த்துரைகளை ஆட்டத்துக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்திக்கு முன்பே முடித்துவிடுங்கள். விளக்கு வைத்ததும் பாலே தொடங்கட்டும்.

பணம். அதை அதிகம் பேச விருப்பமில்லை, பேசாமல் விடவும் முடியாது. நோட்டீஸ் அடித்த பிறகு வரி பிரியவில்லை, டொனேஷன் குறைந்துவிட்டது, மீதியை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற கமிட்டிகள் உண்டு. நாளைக்கு எங்களுக்கு வேறு ஊரில் ஆட்டம் இருக்கும். அந்த மீதி முதலாளியின் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். அட்வான்ஸ் வண்டி டீசலுக்கும் கர்ட்டன் வாடகைக்கும் போய்விடும். மீதிதான் எங்கள் கூலி. கடைசிக் காட்சிக்கு முன் அதைக் கொடுத்து முடித்துவிடுங்கள். மழை வந்து ஆட்டம் நின்றுபோனாலும், மேக்கப் போட்டாகிவிட்டது என்றால் பாதியாவது கொடுங்கள். அரிதாரத்தைக் கழுவிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது என்னவென்று எனக்குத் தெரியும்.

2019 டிசம்பர் 24ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் நடந்த ஒன்றை என் மகள் போனில் காட்டினாள். பாரிஸ் ஓப்பரா பாலே என்பது உலகத்திலேயே மிகப் பழைய பாலே குழு. அங்கே ஆட்டக்காரர்கள் 42 வயதில் ஓய்வூதியத்தோடு விலகலாம். பதினான்காம் லூயி மன்னர் 1698இல் ஏற்படுத்தி வைத்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. அரசாங்கம் அதைக் கைவிடப் போவதாகச் சொன்னதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு தங்கள் அரங்கத்தின் வெளிப்படியில் நின்று, குளிரில், அன்னப்பறவைகளின் ஆட்டத்தை ஊருக்கு ஆடிக் காட்டினார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முன்னால் நாயகி தனியாக ஆடவில்லை. ஒரே மாதிரி உடுத்த வரிசைதான் ஆடியது. பின்னால் துணியில் என்னவோ எழுதிப் பிடித்திருந்தார்கள். கலாசாரம் ஆபத்தில் இருக்கிறது என்று மகள் படித்துச் சொன்னாள்.

42 வயது. எனக்கு முட்டு போனது 41இல். உடம்புக்கு எல்லா ஊரிலும் ஒரே கணக்குதான் போலிருக்கிறது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கோயிலில் ஆடினேன் என்றேன்.

அந்தக் காட்சியைப் பார்த்து மூன்று மாதத்தில் ஊரடங்கு வந்தது. 2020 பங்குனி. எங்கள் சம்பாத்தியமே தை முதல் சித்திரை வரைக்கும்தான். அடுத்த வருஷமும் சித்திரையில் திரும்ப அடைத்தார்கள். ஒகி புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்த 2017க்குப் பிறகே சின்னக் கோயில்கள் பாலேயைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. ஊரடங்கும் வந்ததும் பல குழுக்கள் எழுந்திருக்கவே இல்லை. நான் ஆடிய குழுவின் கைலாசக் கர்ட்டனைக் கரையான் தின்றுவிட்டது. ஆசான் கையால் வரைந்தது.

அந்த நாட்களில் கலைஞர்களுக்கு உதவித்தொகை என்று கேள்விப்பட்டு, தேவி அக்காவையும் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். நீங்கள் ஆடினதற்கு அத்தாட்சி என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அதைக் கேட்டது தப்பென்று சொல்லமாட்டேன், யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிட முடியாதுதான். ஆனால் எங்கள் கையில் என்ன இருந்தது? 27 வருஷத்தில் எத்தனையோ நூறு ராத்திரி ஆடியிருக்கிறோம். எல்லா நோட்டீசிலும் குழுவின் பெயர் இருக்கிறது. எங்கள் பெயர் இல்லை. தேவி அக்கா தன் கையை நீட்டிக் காட்டினாள், அண்டிப் பால் பட்ட தழும்பும் அரிதாரம் தின்ற தோலுமாக. அந்த மேசைக்காரர் என்ன செய்வார் பாவம்.

என் பெயர் ஒரே ஒரு தடவை அச்சில் வந்திருக்கிறது. 1996 பங்குனியில் கல்குளம் பக்கத்து ஒரு கமிட்டி, என்ன நினைத்தார்களோ, நோட்டீசின் கடைசிப் பக்கத்தில் 'பாலேயில் பங்கேற்கும் கலைஞர்கள்' என்று போட்டு எங்கள் எல்லார் பெயரையும் அடித்திருந்தார்கள். வண்டி ஓட்டுகிற மாமாவின் பெயர்கூட இருந்தது. அவர் அதை வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, வெயிலில் எழுத்து மங்கிப்போகும் வரைக்கும் எடுக்கவில்லை. என்னுடையதை அம்மா டிரங்குப் பெட்டியில், என் ஜாதகத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்தாள். அம்மா போன பிறகு பெட்டியைத் திறந்தபோதுதான் அது கிடைத்தது. மறுபடி அந்த அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்தார்கள். ஒரு தாளாவது இருக்கிறதே என்று நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே கமிட்டிக்காரர்களே, அணியறையோடு இன்னொன்றும் கேட்கிறேன். ஆடுகிறவர்கள், மேக்கப், லைட், கர்ட்டன், ரிக்கார்டு, வண்டி என்று எல்லார் பெயரையும் நோட்டீசில் போடுங்கள். இடமில்லை என்பீர்கள். நன்கொடையாளர் பட்டியலுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, அதில் ஒரு சின்ன மூலை போதும். ஆட்டம் முடிந்த பிறகு, இன்னார் இன்ன தேதியில் எங்கள் கோயிலில் ஆடினார் என்று கோயில் முத்திரை போட்டு ஆளுக்கொரு கடிதம் கொடுத்தால் இன்னும் நல்லது. நாளைக்கு முட்டு தேய்ந்து உட்காரும்போது பிள்ளைகள் அதைக் கொண்டு எங்காவது போய் நிற்கலாம்.

நான் உடுப்புத் தைத்துக் கொடுக்கிற குழுக்களிடம் பெயர்ப் பட்டியலை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். அளவெடுக்க வரும்போது ஒவ்வொருத்தரிடமும் பெயரைச் சரியாகக் கேட்டு, இனிஷியலோடு நானே எழுதி வாங்கிக்கொள்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கிற அன்று அந்தத் தாள் உங்கள் கைக்கு வரும். அச்சகத்துக்குப் போகும்போது அதையும் பையில் எடுத்துப் போங்கள். பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மேடைகளில் சீதையாக நின்றவள்,
விளவங்கோடு வட்டம், குமரி மாவட்டம்.